லிங்கன் ஹைவே நம்ம ஊர் வழியாத்தான் போச்சாமே? டிரேசி முதல் ஓக்லண்ட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் டிரேசிக்கும் ஹேவர்டுக்கும் நடுவே குடியிருக்கும் நம் ஆட்களிடம் பழைய சாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. லிவர்மோர் கோயில் வாசலில், தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில், வாட்ஸாப்பில் என்று கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படிக்கும்முன் ஒரு வேண்டுகோள்: "எந்த வழியாப் போச்சு?" என்று கேட்கும்போது "எந்த வருஷம்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

லிங்கன் ஹைவேன்னா 580 ஃப்ரீவேக்குப் பழைய பேருதானே?

இல்லை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடிகிற, கார்களுக்கென்றே திட்டமிட்ட நெடுஞ்சாலை அது. 1913-ல் வழியை அறிவித்தபோது மொத்த நீளம் 3,389 மைல். அதன் மேற்குக் கோடியில் வரும் சிறு துண்டுதான் நம் பக்கத்தில் இருப்பது. 580 எல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. இரண்டும் ஒரே மலைக் கணவாயைப் பயன்படுத்துவதால் பெயரும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது.

புதிதாக வெட்டிப் போட்ட சாலை என்றும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே இருந்த வண்டித்தடங்களையும் ஊர்ச் சாலைகளையும் ஒரே பெயரில் கோத்துக் கம்பங்களில் அடையாளம் அடித்தார்கள். தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி வெறும் மண்தான்.

யார் போட்ட ரோடு அண்ணா? லிங்கன் காலத்துல கார் ஏது?

ஜனாதிபதி லிங்கன் 1865-லேயே போய்விட்டார். சாலைக்கு அவர் பெயர் நினைவாக வைத்தது. யோசனை கார்ல் ஃபிஷருடையது. கார் முகப்பு விளக்கு வியாபாரத்தில் பணம் பார்த்தவர், இண்டியானாபோலிஸ் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவர். 1912-ல் கார்த் தொழில்காரர்களை விருந்துக்கு அழைத்து, "1 கோடி டாலர் திரட்டுவோம், ஜல்லியை நாம் கொடுப்போம், வேலையை அந்தந்த ஊர் பார்த்துக்கொள்ளட்டும், 1915-ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்கு எல்லாரும் காரிலேயே போகலாம்" என்றார். பலர் பணம் தர முன்வந்தார்கள். ஹென்றி ஃபோர்டு மட்டும் மறுத்துவிட்டார். கம்பெனிகள் சாலை போட்டுக் கொடுத்தால் சாலைக்கு வரி கட்டும் பழக்கம் மக்களுக்கு வரவே வராது என்பது அவர் வாதம். நாளடைவில் அவர் சொன்னதுதான் நடந்தது: சாலைகளை அரசாங்கம்தான் போட்டது. பேக்கார்டு கார் கம்பெனித் தலைவர் ஹென்றி ஜாய்தான் லிங்கன் பெயரைப் பிடித்து நிறுத்தியவர். 1913 ஜூலை 1-ல் பதிவான லிங்கன் ஹைவே சங்கத்துக்கு அவரே தலைவர்.

சங்கம் நாடு முழுக்கச் சாலை போடவில்லை, போடவும் முடியவில்லை. சில மாநிலங்களில் மாதிரிக்கு ஒரு மைல் கான்கிரீட் போட்டுக் காட்டி, "மிச்சத்தை நீங்கள் போடுங்கள்" என்று மக்களை உசுப்பிவிட்டது. கலிஃபோர்னியாவில் அதற்கும் தேவை இருக்கவில்லை. 1910-லேயே 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு இங்குள்ளவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் மாநிலம் போட்ட சாலையின் வழக்கமான அளவு: அகலம் 15 அடி, கான்கிரீட் கனம் 4 அங்குலம். இன்றைய ஃப்ரீவேயில் ஒரு தடம் மட்டும் 12 அடி. எதிரெதிரே வந்த இரண்டு வண்டியும் அந்த 15 அடிக்குள்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

நம்ம பக்கம் எந்தெந்த ஊர் வழியா வந்துச்சு?

1913 வழியைக் கிழக்கிலிருந்து சொல்கிறேன். சாக்ரமெண்டோவிலிருந்து கால்ட், லோடை, ஸ்டாக்டன். அங்கிருந்து பிரெஞ்ச் கேம்ப், மாஸ்டேலில் சான் ஹோக்கீன் ஆற்றைக் கடந்து, பேண்டா, டிரேசி. டிரேசிக்கு மேற்கே மவுண்டன் ஹவுஸ் பக்கமாக வந்து அல்டமாண்ட் மலை ஏறி, லிவர்மோரில் இறங்கும். பிறகு டப்ளின், டப்ளின் கேன்யன், காஸ்ட்ரோ வேலி, ஹேவர்ட். அங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டி ஓக்லண்ட். ஓக்லண்டில் சாலை முடிந்துவிடும், மிச்சம் தண்ணீர்.

இன்றைய பெயர்ப் பலகைகளை வைத்துத் தேடுகிறவர்களுக்கு: டிரேசியில் லெவன்த் ஸ்ட்ரீட், அப்புறம் கிராண்ட் லைன் ரோடு, அல்டமாண்ட் பாஸ் ரோடு, லிவர்மோரில் போர்ட்டோலா அவென்யூ, டப்ளின் பூல்வார்டின் மேற்குக் கோடி, டப்ளின் கேன்யன் ரோடு, காஸ்ட்ரோ வேலி பூல்வார்டு, ஃபுட்ஹில் பூல்வார்டு. அங்கங்கே 580 பழைய தடத்தை விழுங்கியிருக்கும். அந்த இடங்களில் ஃப்ரீவேயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

மாஸ்டேலில் கொஞ்சம் நின்று பாருங்கள். சாக்ரமெண்டோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வரும் ரயில் பாதையில் கடைசியாக முடிந்த ஆற்றுப் பாலம் 1869-ல் அங்கேதான் கட்டப்பட்டது. கடல் முதல் கடல் வரை ரயில் நிஜமாகவே தடையில்லாமல் ஓடியது அதற்குப் பிறகுதான். 44 வருஷம் கழித்துக் கார்ச் சாலையும் அதே இடத்தில் ஆற்றைத் தாண்டியது.

நாங்க ஃப்ரீமான்ட். நைல்ஸ் கேன்யன்ல போறது லிங்கன் ஹைவேதானே?

அல்ல. நைல்ஸ் கேன்யன் ரயில் போன வழி, மேலே சொன்ன 1869 ரயில். லிங்கன் ஹைவே டப்ளினிலிருந்து நேராக மேற்கே ஹேவர்டுக்கு இறங்கிவிட்டது, தெற்கே திரும்பவே இல்லை. ஃப்ரீமான்ட் என்று ஒரு நகரமே 1956-ல்தான் உருவானது.

மவுண்டன் ஹவுஸ் புது ஊர்தானே? அங்க எப்படிப் பழைய ரோடு?

ஊர் புதிது, பெயர் பழசு. 2024 ஜூலை 1-ல் நகரமானது. ஆனால் தங்க வேட்டைக் காலத்தில், 1849 வாக்கில், மலை ஏறுமுன் இளைப்பாற அங்கே ஒரு கூடாரம் போட்டார்கள். பிறகு அது வழிச்சத்திரமாக வளர்ந்தது. மாட்டு வண்டி, குதிரை வண்டி, அப்புறம் கார் என்று எல்லாமே அந்த முனையில் நின்றுதான் மலை ஏறின. இப்போது அங்கே வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் தினமும் அதே மலையை ஏறித்தான் ஆபீஸ் போகிறார்கள், இளைப்பாறத்தான் நேரமில்லை.

அல்டமாண்ட் பாஸ் ரோட்ல இன்னும் கார்ல போகலாமா? மூடிட்டாங்கன்னு சொல்றாங்களே?

மூடவில்லை. தாராளமாகப் போகலாம். மொத்த வழியிலும் பழைய சாலையின் உணர்வு கெடாமல் இருப்பது இந்தத் துண்டுதான் என்பேன். 1930-களின் பிற்பகுதியில் பக்கத்திலேயே அகலமான புதுச் சாலை வந்து வண்டிகளையெல்லாம் இழுத்துக்கொண்டதால் இது தப்பித்தது. இரண்டே தடம். மலை எப்படி வளைகிறதோ சாலையும் அப்படியே வளையும். ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வரும். இரு பக்கமும் கம்பி வேலி, வேலிக்குள் மாடுகள், மாடுகளுக்கு மேலே காற்றாலைகள். மலை உச்சியில் அல்டமாண்ட் என்று ஒரு ஊரே இருந்தது. வண்டி சூடேறித் திணறி வந்தவர்கள் நிற்பதற்கு அங்கே கராஜும் உண்டு. இப்போது விரல் விட்டு எண்ணும் கட்டடங்கள்தான் மிச்சம்.

சனி, ஞாயிறு காலையில் போங்கள். வார நாள் மாலையில் 580 நெரிசலைத் தவிர்க்க எல்லாரும் இதில் புகுந்துவிடுவார்கள், பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே உங்களை விரட்டுவார். ஓரம் மிகக் குறுகல், தெருவிளக்கு கிடையாது. படம் எடுக்க நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மலை பச்சையாக இருக்கும். மே பிறந்தால் வைக்கோல் நிறம்.

இது ஹைவே 50-ன்னு தாத்தா ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் 48-ங்கிறார். எது சரி?

இரண்டும் சரிதான், வருஷம் வேறு. 1926-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தபோது பெயர்ச் சாலைகளின் காலம் முடிந்தது. நம் மலைப் பாதைக்கு முதலில் 48 வந்தது, 1930-களின் தொடக்கத்தில் அது 50 ஆனது. 580 வந்த பிறகு 50-ஐ சாக்ரமெண்டோ பக்கமே நிறுத்திக்கொண்டார்கள். தாத்தா ஓட்டியது 50 காலத்தில் இருக்கும்.

லிவர்மோர் கோயிலுக்குப் பக்கத்துல ஏதோ பழைய மெக்கானிக் ஷெட் இருக்காமே?

டுவார்ட்டி கராஜ். போர்ட்டோலா அவென்யூவும் நார்த் எல் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனை. சிவா விஷ்ணு கோயிலிலிருந்து காரில் சில நிமிடம். 1915-ல் ஃபிராங்க் டுவார்ட்டி ஹைவே ஓரமாகவே கட்டினார். 1915 என்பதைக் கவனியுங்கள்: ஃபிஷர் சொன்ன அதே கண்காட்சி வருஷம். கிழக்கிலிருந்து வந்தவர்கள் பாலைவனம், சியரா மலைத்தொடர், அல்டமாண்ட் எல்லாம் தாண்டி, கடைசி நாள் ஓட்டத்தில் இருப்பார்கள். டயரும் ரேடியேட்டரும் நொந்துபோன நிலையில் வருகிற வண்டிக்கு இதைவிட நல்ல முனை அமையாது.

கட்டடம் இப்போது நகராட்சியுடையது. லிவர்மோர் மரபுச் சங்கத்தினர் பழைய வண்டிகளும் கருவிகளும் வைத்துப் பார்வைக்கு விடுகிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால், 1901-லிருந்து எரிந்துகொண்டிருக்கும் பல்பு தொங்குகிற தீயணைப்பு நிலையமும் இதே ஊரில்தான் இருக்கிறது. சாலைக்கும் பல்புக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளைகளுக்கு என்னவோ பல்புதான் பிடிக்கிறது.

அந்தக் காலத்துல நியூயார்க்ல இருந்து இங்க வர எத்தனை நாள் ஆச்சு?

சங்கம் வெளியிட்ட வழிகாட்டியில் 1916 வாக்கில் சொன்ன கணக்கு 20 முதல் 30 நாள். அதுவும் வெளிச்சம் இருக்கும் வரை ஓட்டி, மணிக்குச் சராசரி 18 மைல் போனால். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 டாலருக்குள் செலவு அடங்கும் என்றார்கள். மேற்கே வர வர அறிவுரைகளும் கடுமையாகும்: பெட்ரோல் கிடைக்கிற இடத்திலெல்லாம் நிரப்பு, ஓடையில் வண்டியை விடுமுன் இறங்கி நடந்து ஆழம் பார்.

சாலைக்குப் பெயரே வைக்காத 1909-ல் ஆலிஸ் ராம்சே என்ற பெண், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் ஓட்டி வந்திருக்கிறார். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. முழுத் தூரமும் அவர் ஒருவரே.

ஐசனோவர் நம்ம ஊர் வழியாப் போனாருங்கிறது உண்மையா, வாட்ஸாப் கதையா?

உண்மை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, நாட்டைச் சாலை வழியாகக் கடக்க ராணுவ வண்டிகளுக்கு முடியுமா என்று சோதிக்க 1919 ஜூலை 7-ல் வாஷிங்டனிலிருந்து ஒரு அணிவகுப்பு கிளம்பியது. 81 வண்டிகள். பார்வையாளராக உடன் வந்தவர்களில் பின்னாளில் ஜனாதிபதியான 28 வயது ஐசனோவரும் ஒருவர். வழியில் மரப் பாலங்கள் நொறுங்கின, வண்டிகள் சேற்றிலும் மணலிலும் புதைந்தன. கலிஃபோர்னியாவுக்குள் வந்தபின்தான் அவர்களுக்கு நல்ல சாலை கிடைத்தது. மேலே சொன்ன 4 அங்குலக் கான்கிரீட்டின் புண்ணியம். செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்டாக்டனிலிருந்து ஓக்லண்ட் வந்து, 6-ம் தேதி சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள். 1919-ல் ஸ்டாக்டனிலிருந்து ஓக்லண்டுக்கு லிங்கன் ஹைவே என்றால் அல்டமாண்ட், லிவர்மோர், டப்ளின்தான்.

வாட்ஸாப்பில் வருவதில் மிகைப்படுத்தல் எங்கே என்றால், "இந்தப் பயணத்தால்தான் இன்டர்ஸ்டேட் (580 போன்ற நாடு தழுவிய ஃப்ரீவேக்கள்) பிறந்தது" என்பதில். 1956-ல் இன்டர்ஸ்டேட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இந்தப் பயணமும் அவர் மனதில் இருந்தது, பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் கண்ட சாலைகளையும் அதே மூச்சில் சொன்னார். அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

வல்லேஹோ, பெர்க்லி பக்கம் இருக்கறவங்க "எங்க ரோடுதான் லிங்கன் ஹைவே"ங்கிறாங்க. யார் சொல்றது நிஜம்?

எந்த வருஷம் என்று கேளுங்கள். 1913 முதல் 1927 வரை நம் வழி. சாக்ரமெண்டோவிலிருந்து நேராக மேற்கே வர அப்போது இரண்டு தடை. ஒன்று யோலோ சதுப்பு. மழைக் காலத்தில் அது ஏரி. அதன்மேல் 1916-ல் நீண்ட பாலம் வந்துவிட்டது. மற்றது கார்க்கீனஸ் நீரிணை. அதன் பாலம் 1927 மே மாதம் திறந்தது. தெற்கே ஸ்டாக்டன் வரை சுற்றி வரும் காரணமே போய்விட்டது. சங்கமும் வழியை டேவிஸ், வல்லேஹோ, கார்க்கீனஸ் பாலம், சான் பாப்லோ அவென்யூ, பெர்க்லி என்று மாற்றிக்கொண்டது.

ஆக, முதல் 14 வருஷம் நமக்கு, கடைசிக் கொஞ்ச காலம் அவர்களுக்கு. கண்காட்சிக் கூட்டமும் ராணுவ அணிவகுப்பும் நம் பக்கம் வந்தவை. இதை வைத்து அவர்களை வம்பிழுக்கலாம். நான் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லிங்கன் தலை போட்ட கான்கிரீட் கல் பார்த்தேன். அது நூறு வருஷப் பழசா?

எங்கே பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் அடையாளம் என்பது கம்பத்தில் அடித்த சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைதான். வெள்ளையில் எல் எழுத்து. 1927 முடிவில் சங்கம் தன் அலுவலகத்தை மூடியது. கடைசிக் கைங்கரியமாக 1928 செப்டம்பர் 1-ல், சாரணச் சிறுவர்களைக் கொண்டு நாடு முழுக்கச் சுமார் 3,000 கான்கிரீட் கல் நட்டது. லிங்கன் முகம் பதித்த வெண்கலத் தகடும் திசை காட்டும் அம்புக்குறியும் அதில் இருக்கும்.

முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள். 1928-ல் வழி கார்க்கீனஸ் பக்கம் போய்விட்டது. அதனால் அல்டமாண்ட், லிவர்மோர் பக்கம் கல் ஒன்றைக் கண்டால், அது பின்னாளில் ஆர்வலர்கள் வைத்த நகல் என்று எடுத்துக்கொள்வதே உத்தமம். சங்கம் 1992-ல் மறுபடி உயிர் பெற்றது.

சான் பிரான்சிஸ்கோவுல கோல்டன் கேட் பார்க் பக்கத்துல லிங்கன் வே இருக்கே, அதுதானே முடிவு?

இல்லை. பெயர் ஒற்றுமை நிறையப் பேரை ஏமாற்றுகிறது. முடிவு, நகரின் வடமேற்கு மூலையில் லிங்கன் பூங்கா. லீஜன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகம் இருக்கும் இடம். அங்கே பஸ் நிற்கும் இடத்தருகே முடிவுக் கல் நிற்கிறது, அதுவும் நகல்தான். கால்டில் இருக்கும் லிங்கன் வேயோ உண்மையிலேயே பழைய ஹைவே.

இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பிளாசர் கவுண்டியில் இருக்கும் லிங்கன் என்ற ஊருக்கும் ஜனாதிபதிக்கும் சம்பந்தமில்லை. அது சார்லஸ் லிங்கன் வில்சன் என்ற ரயில்வேக்காரரின் பெயர். லிங்கன் கார் கம்பெனி ஜனாதிபதி பெயரைத்தான் வைத்தது, ஆனால் 1917-ல், இந்தச் சாலைக்கு நான்கு வருஷம் பின்னால், தனியாக.

ஓக்லண்டுக்கு அப்புறம் எப்படிப் போனாங்க? பே பிரிட்ஜ் இருந்துச்சா?

பே பிரிட்ஜ் 1936 நவம்பரில்தான் திறந்தது. அதுவரை காரைப் படகில் ஏற்றித்தான் அக்கரை போனார்கள். 3,000 மைல் ஓட்டி வந்தவரும் கடைசித் துண்டைப் படகில் உட்கார்ந்தபடியேதான் கடந்தார்.

தாஹோ போறப்போ வர்ற ரோடும் இதுவா?

ஆம், அதுவும் இரண்டு வழியாக. நெவாடாவிலிருந்து சியரா தாண்ட டானர் கணவாய் ஒன்று, தாஹோ ஏரியின் தெற்கே பிளாசர்வில் வழி இன்னொன்று. இன்றைய 80, 50 எண் நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ அவைதான். இரண்டையுமே சங்கம் அங்கீகரித்தது. இரண்டும் சாக்ரமெண்டோவில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவோட முதல் ரோடு இதுதான்னு பையன் ஸ்கூல்ல எழுதிட்டான். சரியா?

"முதல் ரோடு" தப்பு. 1811-லேயே மத்திய அரசு நேஷனல் ரோடு வேலையைத் தொடங்கிவிட்டது. "கார்களுக்கென்று கரைக்குக் கரை குறித்த முதல் சாலை" என்று எழுதினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: நேஷனல் ஓல்டு டிரெயில்ஸ் என்ற இன்னொரு சாலைச் சங்கம் 1912-லேயே பதிவாகிவிட்டது. பிற்காலத்தில் புகழ்பெற்ற ரூட் 66 நெடுஞ்சாலை தென்மேற்கில் அதன் தடத்தைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ரூட் 66 பிறந்தது 1926-ல். வயதில் அது இளையது, பெயர் மட்டும் அது தட்டிக்கொண்டு போனது.

வரைபடத்துல போட்டா 580-க்கே இழுத்துட்டுப் போகுது. பழைய வழியில போக என்ன பண்ணணும்?

"ஹைவே தவிர்" என்று மட்டும் போட்டால் போதாது, எங்கெங்கோ சுற்றவிடும். நடுவில் நிறுத்தங்களாக இவற்றைப் போடுங்கள்: டிரேசி லெவன்த் ஸ்ட்ரீட், கிராண்ட் லைன் ரோடு, அல்டமாண்ட் பாஸ் ரோடு, டுவார்ட்டி கராஜ், டப்ளினில் சான் ரமோன் ரோடு முனை, டப்ளின் கேன்யன் ரோடு. டப்ளின் முனையில் 1860-ல் கட்டிய கிரீன் கடைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. லிவர்மோருக்கும் டப்ளினுக்கும் இடையில் பழைய தடத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அந்தத் துண்டை மட்டும் 580-லேயே போய்விடுங்கள்.

டப்ளின் கேன்யனில் ஞாயிறு காலை சைக்கிள்காரர்கள் வரிசையாக வருவார்கள், வளைவில் பொறுமை வேண்டும். டிரேசியிலிருந்து ஹேவர்ட் வரை சுமார் 40 மைல். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அரை நாள். வண்டியில் சிறு பிள்ளைகள் இருந்தால் மலைக்கு முன்னாலேயே டிரேசியில் பாத்ரூம் போய்விட்டுக் கிளம்புங்கள். லிவர்மோர் வரை ஒன்றும் கிடையாது.